புரோக்கர் பார்க்கும் படலம்

ஆலங்கிணற்றில் பந்தல் போடுகிற அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள் என்று நான் ஆரம்பித்தால், அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். "இருந்தார்களா? இன்னும் இருக்கிறார்கள் ஐயா, வேண்டுமானால் நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள்" என்பார்கள். மூத்தவன் ஆவுடையப்பன், நடுவில் செண்பகராமன், இளையவன் நமச்சிவாயம். ஆண்டவன் கொடுத்த மூளையை "நீ எடுத்துக்கொள், நீ எடுத்துக்கொள்" என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, கடைசியில் யாருமே எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு ஒற்றுமை.

பந்தல் வேலையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்பு ஆடாது, துணி பறக்காது. போட வேண்டிய வீட்டுக்குப் போடுவதில்தான் சில சமயம் பிசகும். அப்படி ஒருமுறை, பக்கத்துத் தெருக் கல்யாணப் பந்தலைத் தையல்காரி பூரணத்தின் வீட்டு வாசலில் போட்டுவிட்டார்கள். அவள் வெளியே வந்து, "யாருக்குக் கல்யாணம்?" என்றாள். உச்சியில் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆவுடையப்பன், "இந்த வீட்டுலதாம்மா. உங்களுக்கே சொல்லலையா?" என்று பரிதாபப்பட்டான்.

பூரணத்துக்கு முப்பத்துநாலு வயது. அதுவரை அவளை யாரும் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. கட்டினால் இந்தப் பந்தல்காரரைத்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அப்பா நல்லபெருமாள், பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மாப்ளே, நீங்க மூணு பேரும் கம்புக்கும் துணிக்கும் நடுவுல குடோன்ல படுத்துக் கெடக்கீங்க. எம்பொண்ணை அங்க அனுப்ப மாட்டேன். கார்த்திகை முடியுததுக்குள்ள சொந்தமா ஒரு வீடு வாங்குங்க, தையில கல்யாணம். இல்லன்னா சங்கரன்கோவில் மாப்பிள்ளைக்குத் தாம்பூலம் மாத்திருவேன்."

"வாங்கிருவோம் மாமா."

"வீட்டுப் புரோக்கர் விஷயத்துல மட்டும் அவசரப்படக் கூடாது. பொண்ணு பாக்குத மாதிரி பாக்கணும். குடும்பம், குணம் எல்லாம் விசாரிச்சு, பொருத்தம் பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

இதைச் சொன்னதற்காக நல்லபெருமாள் இன்றுவரை வருத்தப்படுகிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு மூன்று பேரும் ராஜாமணி என்கிற புரோக்கரின் வீட்டுக்குப் போனார்கள். அவர் இரண்டு செல்போனையும் கீழே வைத்துவிட்டு, "என்ன பட்ஜெட்?" என்றார்.

"அதெல்லாம் அப்புறம் பெரியவங்க பேசிக்கிடுவாங்க" என்றான் செண்பகராமன். "மொதல்ல கொஞ்சம் நடந்து காட்டுங்க."

புரோக்கர் என்றால் அலைய வேண்டும், அதைச் சோதிக்கிறார்கள் போலிருக்கிறது என்று ராஜாமணி கூடத்தில் இரண்டு சுற்று நடந்தார். ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். வியாபாரம் கைநழுவக் கூடாதே என்று அதையும் பாடினார். பூவை எடுத்துத் தலையில் வைக்க நமச்சிவாயம் எழுந்தபோதுதான் அவர் இரண்டடி பின்னால் போனார்.

வெளியே வந்து ஆலோசித்தார்கள்.

"குரல் நல்லாத்தான் இருக்கு" என்றான் நமச்சிவாயம். "ஆனா அண்ணனைவிட ஒரு சாண் உசரம்."

"வீடு பாக்க ரெண்டு பேரும் ஜோடியா தெருவுல போவாங்கள்லா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றான் செண்பகராமன்.

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி" என்றான்.

இரண்டாவது புரோக்கர் தங்கச்சாமி உயரம் சரியாக இருந்தார். ஜாதகம் கேட்டார்கள். பேங்க் லோனுக்கு வந்த புதுச் சட்டம் என்று நினைத்து அவரும் நகல் எடுத்துக் கொடுத்தார். ஜோசியர் பார்த்துவிட்டுச் செவ்வாய் தோஷம் என்றார். தோஷமுள்ள புரோக்கரைத் தெரிந்தே எப்படிக் கொண்டுவருவது என்று அதையும் கைவிட்டார்கள். இதற்குள் ஐப்பசி போய்விட்டது.

மூன்றாவது ஆள் திரவியம். இருபது வருஷமாகப் புரோக்கர் தொழில், தங்கமான குணம். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருந்தது. அவர் மனைவி செல்லம்மாள் கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரைக் கண்கலங்காம வச்சுக்கிடுவீங்களா?"

"எங்க தகப்பனார் மாதிரி வச்சுக்கிடுவோம் அக்கா."

"அப்பக் கூட்டிட்டுப் போங்க. கல்யாணமாகி வருசம் இருபத்தெட்டு ஆச்சு."

திரவியம் பஜ்ஜியை விழுங்கிவிட்டு, "பெருமாள் கோயில் தெருவுல ஒரு வீடு இருக்கு" என்று வாயைத் திறந்தார். செண்பகராமன் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணாச்சி, நிச்சயம் ஆகுததுக்கு முன்னாடி இப்படிப் பேசுதது முறையில்ல."

அடுத்த வாரம் நிச்சயம் நடந்தது. தட்டு மாற்றி, வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டே திரவியம் சாவிக்கொத்தோடு குடோனுக்கு வந்து, "ஒரு எட்டுப் போயி வீட்டைப் பாத்துட்டு வருவோமா?" என்றார். மூன்று பேரும் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் இரண்டு பேரும் ஒன்றாக ஊர் சுற்றினால் ஊர் என்ன பேசும்?

ஊர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டது. ஆவுடையப்பனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது என்ற சேதி பூரணத்தின் தையல் மிஷின் வரைக்கும் வந்தது. அவள் கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் குடோனுக்கு வந்தாள்.

"யாரு அது?" என்றாள்.

"திரவியம் அண்ணாச்சி" என்றான் ஆவுடையப்பன், கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் மூங்கில் கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கார்த்திகை முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. எனக்கு அந்தச் சங்கரன்கோவில்காரர் வேண்டாம், நீங்கதான் வேணும். ஒரே ஒரு வீடு. எப்படியாவது வாங்கிருங்க" என்றாள்.

அவள் அழுததை ஆவுடையப்பனால் தாங்க முடியவில்லை. முட்டாளாக இருந்தாலும் அவனுக்கு அவள் மேல் உயிர். அவசரமாகச் சபை கூடியது.

"நாளைக்கே அண்ணாச்சியை அழைச்சிருவோம். அவர் வந்தாத்தான வீடு பாக்க முடியும்?" என்றான் நமச்சிவாயம்.

"எங்க அழைக்க? வார மனுசனை இந்தக் கம்புக்கு நடுவுலயா உக்கார வைப்ப?" என்றான் செண்பகராமன். "வலது காலை எடுத்து வைக்க ஒரு வாசப்படி வேண்டாமா?"

மூன்று பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். வீடு வேண்டுமானால் புரோக்கர் வர வேண்டும். புரோக்கர் வர வேண்டுமானால் வீடு வேண்டும்.

"அப்ப அவரைக் கொண்டுவந்து வைக்க நாமளே ஒரு வீடு வாங்கிருவோம்" என்றான் ஆவுடையப்பன். மற்ற இரண்டு பேரும் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்கள். மூத்தவன் மூத்தவன்தான் என்று அவர்களுக்குத் தோன்றியது.

அன்று மத்தியானமே கிளம்பி, தெற்குத் தெருவில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை தொங்கின வாசலில் போய் நின்றார்கள். அது ரிட்டயர்டு தபால்காரர் ஐயம்பெருமாளின் வீடு. அவர் மகளோடு மதுரையில் போய் இருக்கப் போகிறார். நல்ல கட்டுமானம், கிழக்குப் பார்த்த வாசல், வற்றாத கிணறு. விலையும் நியாயமான விலை.

"உள்ள வந்து பாக்கலையா?" என்றார் அவர்.

"நாங்க எதுக்குப் பாக்கணும்? வரப்போறவருக்குப் பிடிச்சாச் சரி" என்றார்கள்.

இருபது வருஷப் பந்தல் சேமிப்பு அப்படியே போயிற்று. பத்திரம் பதிந்தாயிற்று. கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் திரவியத்துக்கு மாலை போட்டு, மேளம் கொட்டி, ஆரத்தி எடுத்து, வலது காலை வைத்து உள்ளே வரச் செய்து, பாலும் பழமும் கொடுத்தார்கள். தம்பிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேளச் சத்தம் கேட்டு நல்லபெருமாளும் பூரணமும் வந்தார்கள். பெரியவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஜெயிச்சுட்டீங்க மாப்ளே! தையில வச்சுக்கிடுவோம்!"

ஆவுடையப்பன் கையைப் பிசைந்தான். "கொஞ்சம் பொறுக்கணும் மாமா. எங்களுக்கு இன்னும் வீடு அமையல."

"அப்ப இது?"

"இது புரோக்கருக்கு எடுத்தது. இப்பதான் வந்திருக்கார். இனிமேதான் வீடு பாக்கச் சொல்லணும்."

நல்லபெருமாள் அப்படியே கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். பூரணம் உட்காரவில்லை. அவள் திரவியத்திடம் போனாள்.

"அண்ணாச்சி, கிழக்குப் பாத்த வாசலும் வத்தாத கிணறுமா, இவங்களுக்குத் தோதா ஒரு வீடு உங்க கைவசம் இருக்கும்லா?"

திரவியம் அவளைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். தொழில் தெரிந்த மனுஷன். "இருக்கே! வாங்க தம்பிகளா, இப்பவே காட்டுதேன்" என்று மாலையோடு எழுந்தார்.

மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு தெருமுனை வரை போனார். ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு அதே தெரு வழியாகத் திரும்பி வந்து, அதே வாசலில் நிறுத்தினார்.

தம்பிகள் அறை அறையாகப் பார்த்தார்கள். "இதுதான்யா வீடு" என்றான் செண்பகராமன். "கிணத்தடியில ஒரு பெரியவர் தலையில கை வச்சு உக்காந்திருக்கார். அதைத் தவிர ஒரு குறையும் இல்ல."

ஆவுடையப்பன் பூரணத்தைத் தேடி வந்து, "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டான்.

"ரொம்ப" என்றாள் பூரணம்.

நமச்சிவாயம் குரலைத் தாழ்த்தினான். "வீட்டுக்காரங்க எப்படி அண்ணாச்சி?"

"அண்ணன் தம்பி மூணு பேரு. நல்ல மனுசங்க. விவரந்தான் கொஞ்சம் பத்தாது."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன் தெருப்பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, திரவியத்தின் காதருகே குனிந்தான்.

"அப்ப இன்னைக்கே முடிச்சிருங்க அண்ணாச்சி. அவங்க சுதாரிச்சுக்கிடுததுக்குள்ள!"