பலகையில் நின்ற வேட்பாளர்கள்

மகுடவர்மர் ஆண்ட ஆலங்குன்றத்தில் கடைவீதித் தலைவர் பதவிக்கு மட்டும் தேர்தல் உண்டு. பெயர் எழுதிய ஓலையை ஊர்மக்கள் குடத்தில் போடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு வழக்கம். வேட்பாளர்கள் சபையில் ஆளுக்கொரு பலகையில் ஏறிப் பேச வேண்டும். அரண்மனையில் ஓலை வாசிப்பவர், ஓலையில் எழுதி எடுத்த அந்தப் பேச்சுகளை வாசித்து ஒப்பிட்டு, இருவருக்கும் இதுதான் வித்தியாசம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். ஒப்பிட்டு முடியும்வரை வேட்பாளர் நின்றுகொண்டே இருக்க வேண்டும், பலகையைவிட்டு இறங்கக்கூடாது. இறங்கினால் போட்டியிலிருந்தே இறங்கியதாக அர்த்தம்.

அந்த வருடம் ஓலை வாசிப்பவள் செங்கமலம். அவள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள். ஒரு சொல் தப்பினாலும் வேலை போய்விடுமோ என்று சோறு இறங்காமல் தவிக்கிறவள். அவளுடைய அக்கா ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறாள். காலையில் கடை திறந்தால் விளக்கு வைக்கும்வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூட முதலாளி கத்துவார். வீட்டுக்கு வந்தால் கால் வீங்கியிருக்கும். அதனால் ஜவுளிக்கடைப் பெண்கள் ஒன்றே ஒன்று கேட்டார்கள். ஆள் வராத நேரத்தில் உட்கார ஒரு முக்காலி.

ராஜா செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"போன தடவை வாசித்தவர், 'இருவரும் உத்தமர்கள்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ஜெயித்த உத்தமன் கடைவீதியையே விழுங்கப் பார்த்தான். இந்த முறை முக்காலி விஷயத்தில் இவர்களுக்குள் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் நாளைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்."

முதலில் பலகையில் ஏறியவர் தாண்டவராயர். "பெண் என்பவள் தெய்வம்!" என்று முழங்கினார். "தெய்வம் நின்ற கோலத்தில் இருந்தால்தான் அழகு. தெய்வத்துக்கு எதற்கு முக்காலி? நான் வந்தால் கடைக்குக் கடை பெண்களுக்கு ஆரத்தி எடுக்கச் சொல்வேன்!"

அடுத்தவர் சிங்கமுத்தர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். "பெண் என்பவள் தாய். தாய் என்றைக்காவது கால் வலிக்கிறது என்று சொன்னதுண்டா? இருந்தாலும் முக்காலி பற்றி ஆராயக் குழு அமைப்பேன். ஆவன செய்வேன்."

செங்கமலத்துக்கு வியர்த்துவிட்டது. இரண்டு பேச்சையும் எப்படிப் பிழிந்தாலும் ஒரே சொட்டுதான் விழுந்தது. முக்காலி கிடையாது. வித்தியாசம் இல்லை என்றால் வேலை போகும். இருக்கிறது என்றால் பொய். என்ன செய்ய?

"ஏம்மா," என்றார் தாண்டவராயர். "அவசரப்படாமல் ஒப்பிடு. என் பேச்சில் ஒரு சொல்லும் விட்டுப்போகக் கூடாது."

"என் பேச்சு அதைவிட ஆழம்," என்றார் சிங்கமுத்தர். "ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசி."

சொல்லிக்கொண்டே அவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். செங்கமலம் அந்தக் காலைப் பார்த்தாள். வியர்வை நின்றுவிட்டது.

"அப்படியே ஆகட்டும் ஐயா," என்றாள்.

வாசித்தாள். சொல்லுக்குச் சொல் நிறுத்தி வாசித்தாள். 'தெய்வம்' என்ற சொல்லை 'தாய்' என்ற சொல்லோடு வைத்து ஒப்பிட்டு முடிப்பதற்குள் வெயில் சபையின் நடுத்தூணுக்கு வந்துவிட்டது. மந்திரிகள் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தாண்டவராயர் மெல்லத் தூண்பக்கம் சரிந்தார்.

"ஐயா, தெய்வம் சாயலாமா? கோலம் கெட்டுவிடுமே!"

தாண்டவராயர் வெடுக்கென்று நிமிர்ந்தார். ராஜா மீசையைத் தடவுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சிங்கமுத்தர் முனகினார். "அம்மா... கால் கடுக்குது. உட்கார ஏதாவது..."

"ஆவன செய்யப்படும் ஐயா. அதை ஆராயக் குழு அமைத்தாயிற்று."

"குழு எங்கே?"

"சாப்பிடப் போயிருக்கிறது."

சபை கொல்லென்று சிரித்தது. செங்கமலம் சிரிக்கவில்லை. அடுத்த ஓலையைக் கையில் எடுத்தாள். "இனி சிங்கமுத்தர் ஐயாவின் பேச்சு. அவர் சொன்னபடியே ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை."

அவ்வளவுதான். "முக்காலி!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள். அப்படியே பலகை மேலேயே தொப்பென்று உட்கார்ந்து, காலைப் பிடித்து அமுக்கத் தொடங்கினார்கள்.

ராஜா முன்னால் குனிந்தார். "சரி செங்கமலம். இவர்களுக்குள் வித்தியாசம் கண்டுபிடித்தாயா?"

"கண்டுபிடித்தேன் மகாராஜா. தாண்டவராயர் ஐயாவுக்கு இடது கால் வலிக்கிறது. சிங்கமுத்தர் ஐயாவுக்கு வலது கால். வேறு வித்தியாசம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் தளபதியைக் கூப்பிட்டார். "தேர்தலில் எந்தக் கால் ஜெயித்தாலும் ஜெயிக்கட்டும். முக்காலிக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் எல்லா ஜவுளிக்கடையிலும் போட்டாக வேண்டும். போடாத கடை முதலாளியை இந்தப் பலகையில் ஏற்று. செங்கமலம் அவருக்கு ஓலை வாசிக்கட்டும்."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன பரிசு வேண்டும்? தயங்காமல் கேள்."

செங்கமலம் சுற்றிலும் பார்த்தாள். ராஜா சிம்மாசனத்தில் இருந்தார். மந்திரிகள் மெத்தையில் இருந்தார்கள். வேட்பாளர்கள்கூடப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உட்கார்ந்துகொண்டு கேட்கலாமா, மகாராஜா? காலையிலிருந்து நானும்தான் நின்றுகொண்டிருக்கிறேன்."