அலுங்கு வாங்கிய கேமராப் பை

மருதங்காட்டில் சடைச்சி என்றோர் அலுங்கு இருந்தாள். அலுங்கு என்றால் எறும்புதின்னி. உடம்பெல்லாம் கெட்டிச் செதில், வாயில் ஒரு பல் கிடையாது. அவளுக்குப் படம் பிடிப்பதுதான் தொழில். காட்டில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் கழுத்தில் கேமராவும் கக்கத்தில் லேப்டாப்புமாகப் போய் நிற்பாள். பிடித்த படத்தை அன்றைக்கே திரையில் போட்டுக் காட்டாவிட்டால் அந்தக் காட்டு மிருகங்களுக்குச் சோறு இறங்காது.

சடைச்சியின் பயம் ஊருக்கே தெரியும். சருகு விழுந்தால் சுருண்டுவிடுவாள். பந்தியில் யாராவது அப்பளத்தை நொறுக்கினால் சுருண்டுவிடுவாள். மான் வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் முழங்க, படம் பிடிக்க வேண்டியவள் மேடை ஓரத்தில் உருண்டையாகக் கிடந்தாள். அன்றிலிருந்து அவளைக் கண்டாலே குரங்குகள் தலையை மடியில் புதைத்துச் சுருண்டு காட்டின. அந்தக் கேலி அவளைச் சுட்டது. குட்டி பிறந்த பிறகு இன்னும் அதிகமாகச் சுட்டது. அவள் வாலின் மேல் ஒட்டிக்கொண்டு சவாரி செய்கிற குட்டி, அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே வருகிறது?

ஐப்பசியில் மயில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. கல்யாணம் இரண்டு மலைக்கு அப்பால். வழியில் சிறுத்தைப் பள்ளம். போன மாதம் அந்தப் பள்ளத்தில் இறங்கிய கேளையாடு என்கிற சின்ன மான் ஏறி வரவே இல்லை. ஆனாலும் முடியாது என்று சொல்லச் சடைச்சிக்கு மனசு வரவில்லை. சொன்னால் குரங்குகள் விடுமா?

"அவ்வளவு தூரம் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போக முடியாது. நல்லதா ஒரு பை வாங்கணும்," என்றாள். பக்கத்து வளை முள்ளம்பன்றி பேச்சியும் துணைக்குக் கிளம்பினாள்.

குளத்தங்கரை ஈச்சமரத்தடியில் தூக்கணாங்குருவி கந்தையா பைக்கடை வைத்திருந்தான். கூடு பின்னுகிற சாதிக்குப் பை பின்னச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். இரண்டு குரங்குகளும் ஒரு நரியும் சாமான் வாங்குகிற சாக்கில் வம்பளந்துகொண்டிருந்தன.

சடைச்சி முதலில் ஒரு தோள்பையை எடுத்தாள். ஒற்றை வார், மெத்தென்ற துணி, தலைக்கு மேல் தூக்கினால் கழன்று வந்துவிடும்.

"அது வேண்டாம் தங்கச்சி," என்றான் கந்தையா. "அது வளையும். பை வளைஞ்சா லேப்டாப்பும் வளையும். அப்புறம் மயில் வீட்டுல எதத் தெறந்து காட்டுவீங்க? இங்க வாங்க, இதப் பாருங்க."

அவன் காட்டிய பை பெட்டி மாதிரி விறைப்பாக நின்றது. உள்ளே கேமராவுக்கு ஓர் அறை, லென்சுகளுக்கு மூன்று அறை, எல்லாவற்றுக்கும் நடுவே கனத்த பஞ்சுத் தடுப்பு. முதுகை ஒட்டி லேப்டாப்புக்குப் பலகை வைத்த தனி அறை. மேலே மழை உறை. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார், இடுப்பைச் சுற்றி ஒரு வார், இரண்டுக்கும் கொக்கி.

கந்தையா அதற்குள் ஒரு முட்டையை வைத்து மூடி, மரத்து உச்சிக்கு ஏற்றிக் கீழே போட்டான். திறந்தால் முட்டை முழுசாக இருந்தது. முட்டை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கூட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி முறைத்ததோடு சரி.

"பாம்பு வந்தாலும் இதத் தெறக்க முடியாது போல அண்ணாச்சி," என்றாள் சடைச்சி வியந்துபோய்.

"அதுக்குத்தான தங்கச்சி பின்னியிருக்கேன்."

அவனே பையை அவள் முதுகில் ஏற்றி, அலகாலேயே இரண்டு கொக்கியையும் மாட்டிவிட்டான். பாரம் தோளில் இறங்காமல் இடுப்பில் உட்கார்ந்தது. சடைச்சி நாலு எட்டு நடந்து பார்த்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. என்றைக்கும் கூனிக் குறுகி நடக்கிறவளுக்கு அது பெருமையாக இருந்தது.

பேச்சி மட்டும் பையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "எல்லாஞ் சரிதான் மதினி. இதப் போட்டுக்கிட்டு ஒருக்க சுருண்டு பாருங்க."

குரங்குகள் திரும்பின. நரி வாயைப் பொத்திக்கொண்டது.

சடைச்சிக்குச் செதிலுக்கடியில் உடம்பு கூசியது. இத்தனை பேருக்கு முன்னால், கேட்டவுடன் சுருண்டு காட்டுவதா? "நான் எதுக்குச் சுருளணும்? படம் பிடிக்கப் போறேனா, சுருளப் போறேனா?" என்று வெடுக்கென்று சொன்னாள். கந்தையா கொக்கிகளைக் கழற்றிக் கொடுக்க, பையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமலும் பேச்சி வந்து பையை மாட்டிவிட்டாள். "நானும் வரட்டுமா மதினி?" என்று கேட்டாள்.

"வேண்டாம். எனக்கென்ன பயமா?" என்றாள் சடைச்சி. குட்டி வாலில் தொற்றிக்கொண்டது. இருவரும் கிளம்பினார்கள்.

பள்ளத்தில் இறங்கும்வரை பறவைகள் கத்திக்கொண்டுதான் இருந்தன. பாதி வழியில் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோயின. சடைச்சிக்குக் கண் மங்கல், மூக்கு கூர்மை. காற்றில் அந்த நெடி வந்தது. பச்சை ரத்தமும் ஈர ரோமமும் கலந்த நெடி.

அவள் உடம்பு யோசிக்கக் காத்திருக்கவில்லை. தலை தானாக வயிற்றை நோக்கிக் குனிந்தது. பாதி குனிந்ததும் நின்றுவிட்டது. முதுகில் பலகை. லேப்டாப் அறையின் விறைப்பு அவள் முதுகெலும்பை வளையவிடவில்லை. மறுபடி முக்கினாள். இடுப்பு வார் வயிற்றை அறுத்தது. வால் பாதிவரை வந்து, பையின் அடியில் முட்டி நின்றது. அந்த வாலின் மேல்தான் குட்டி இருந்தது, செதில் இன்னும் முற்றாத பிஞ்சு முதுகோடு, முழுசாக வெளியே.

'கொக்கி!' என்று நினைத்தாள். கேமராப் பொத்தானை ஒற்றை நகத்தால் அழுத்திவிடலாம். இந்தக் கொக்கிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்க வேண்டும். புற்றைத் தோண்டப் படைத்த நீள நகங்கள் வழுக்கி வழுக்கி விலகின. கடையில் மாட்டியது கந்தையா. கழற்றியதும் அவன். காலையில் மாட்டியது பேச்சி. தானே ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

புதர் விலகியது. சிறுத்தை அவசரப்படாமல் வந்து எதிரே உட்கார்ந்தது.

"கல்யாணத்துக்கா?" என்று கேட்டது.

"ஆமா."

"அலுங்குன்னா என்னப் பாத்ததும் சுருண்டுக்குமே. நீ ஏன் நிக்கிற?"

சடைச்சியின் நகம் இடுப்பு வாரை அறுக்கத் தொடங்கியிருந்தது. "எனக்குப் பயமில்ல," என்றாள்.

எத்தனை நாள் சொல்ல ஆசைப்பட்ட வார்த்தை! சொன்னபோது அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. சிறுத்தை தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. பயப்படாத அலுங்கு அதற்குப் புதிது. ஏதோ சூது இருக்கிறது என்று சந்தேகப்பட்டது.

"முதுகுல என்ன அது?"

"கேமரா. லேப்டாப்." இடுப்பு வார் அறுந்தது. நெஞ்சு வாருக்கு நகத்தை மாற்றினாள். கந்தையாவின் பின்னல். இழை இழையாகத்தான் விட்டது.

"ஓட்டுக்கு மேல இன்னொரு ஓடா?" சிறுத்தை எழுந்து மெதுவாக அவளைச் சுற்றத் தொடங்கியது. "அப்ப அதுக்கடியில ஏதோ மெத்துன்னு இருக்கணுமே."

"அம்மா," என்றது குட்டி.

சிறுத்தையின் காதுகள் நிமிர்ந்தன.

அது பாய்ந்ததும் வார் அறுந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. சிறுத்தையின் நகம் குட்டியின் முதுகில் இழுத்தது. குட்டி வீறிட்டது. சடைச்சி தோளை உதறினாள். பை சரிந்து விழுந்தது. அவள் குட்டியை வயிற்றுக்குள் இழுத்து, தலையைப் புதைத்து, வாலால் சுற்றிப் பூட்டிக்கொண்டாள்.

பிறகு நடந்ததை அவள் பார்க்கவில்லை, கேட்டாள். சிறுத்தை அவளை உருட்டியது. கடித்தது. பல் செதிலில் கரகரவென்று அரைத்தது. அதன் மூச்சு இடுக்கு வழியே உள்ளே வந்து அவள் மூக்கில் சுட்டது. குட்டியின் நெஞ்சு தன் வயிற்றில் படபடவென்று அடிப்பதை எண்ணிக்கொண்டே கிடந்தாள். சற்று நேரத்தில் சிறுத்தை அவளை விட்டுப் பையைப் பிடித்தது. அதைக் கவ்வி உலுக்கியது, பாறையில் அடித்தது, இழுத்தது, சலித்துப் போய் உறுமிக்கொண்டே போய்விட்டது.

வெயில் ஏறிச் செதில் சுட ஆரம்பித்தது. பறவைகள் கத்தத் தொடங்கின. அதற்குப் பிறகும் சடைச்சி விரியவில்லை.

"அம்மா, மூச்சு முட்டுது, விடேன்," என்றது குட்டி. அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தாள்.

பை பாறை இடுக்கில் கிடந்தது. மேலெல்லாம் பல் தடம். ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். கேமரா அப்படியே இருந்தது. லென்சுகள் அப்படியே இருந்தன. லேப்டாப்பைத் திறந்தாள். திரை பளிச்சென்று எரிந்தது. எதிலும் ஒரு கீறல்கூட இல்லை.

கீறல் குட்டியின் முதுகில் இருந்தது, கழுத்திலிருந்து வால்வரை நீளமாக. ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. சடைச்சி லேப்டாப்பை மூடக்கூடத் தோன்றாமல் குட்டியின் முதுகை நக்கி நக்கித் துடைத்தாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே வீட்டுக்கு நடந்தாள். திரை அவளுக்குப் பின்னால் தனியாக எரிந்துகொண்டிருந்தது.

சாமானைக் காக்கிற பையைத் தேடுகிறவர்கள், ஆபத்து வந்தால் அந்தப் பை தங்களைக் காத்துக்கொள்ள விடுமா என்று வெட்கப்படாமல் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.