எதுவரை என்று கேட்டார்

குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் வானதி. பனி பெய்யும் ஒரு வெளிநாட்டு நகரத்தில், அகதி விண்ணப்பங்களை விசாரிக்கிற அலுவலகத்தில், தமிழர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லுகிற வேலை அவளுக்கு. சீடர் சபாநாதன் வவுனியாவில் முப்பது வருடம் ஆங்கில இலக்கணம் படிப்பித்தவர். ஓய்வு பெற்று மகனிடம் வந்தவருக்கு வீட்டுக்குள் சும்மா இருக்க முடியவில்லை. வானதியிடம் தொழில் பழக வந்தார்.

அவள் அவரை, வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல், 'சேர்' என்றாள். அவர் அவளைப் பிள்ளை என்றார். ஆனால் விசாரணை அறைக்குப் போகும்போது அவளுக்குப் பின்னால்தான் நடந்தார்.

முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, எங்கட சனம் 'இருந்தனான்' எண்டு ஒரே சொல்லில சொல்லிப்போடும். ஆங்கிலத்தில அதுக்கு நாலு விதம் இருக்கு. எதைப் போடுறது?"

"சந்தேகம் வந்தால் சொன்ன ஆளிட்டயே திருப்பிக் கேளுங்கோ."

"எனக்கு அதில சந்தேகம் வராது" என்றார் சபாநாதன்.



அவருக்குச் சந்தேகம் வராததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பாடத்தை அவர் கரும்பலகையில் எழுதாத வருடம் இல்லை. இரண்டு மணித்தியாலமாகப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், அப்போது மழை வந்தது, விளையாட்டு நின்றது. முந்தி நடந்துகொண்டிருந்ததற்கு 'ஹேட் பீன்' போட வேண்டும். எவ்வளவு காலம் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு வந்த மழைக்குச் சாதாரண இறந்தகாலம் போதும். மழை இல்லாமல் 'ஹேட் பீன்' நிற்காது என்று அவர் பிள்ளைகளுக்குச் சொல்லுவார். விளையாட்டு இன்னும் நடக்கிறது என்றால் 'ஹேவ் பீன்'.

சில மாதம் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு, ஒரு விசாரணையை வானதி அவரிடம் விட்டாள். அவள் பின் நாற்காலியில் இருந்தாள்.

விண்ணப்பித்தவர் கனகாம்பிகை. முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு மீன்பிடிக் கிராமம். சண்டையின் கடைசி நாட்களில் அவருடைய கணவரை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. எங்கே என்று கேட்டுத் திரிந்ததால், யாரென்று தெரியாதவர்கள் வீட்டுக்கு வந்து மிரட்டினார்கள் என்பது அவருடைய வழக்கு.

கணவர் போன பிறகு என்ன செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். சபாநாதன் தமிழில் கேட்டார்.

"ஏழு வருஷமா அவரைத் தேடிக்கொண்டு இருந்தனான்" என்றார் கனகாம்பிகை.

சபாநாதன் ஒரு கணமும் தயங்கவில்லை. 'ஹேட் பீன்' போட்டுச் சொன்னார். வசனம் சுத்தமாக வந்தது. தன் வகுப்பில் நிற்பதுபோல் இருந்தது அவருக்கு.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். ஏழு வருடம் தேடிக்கொண்டிருந்தார் என்றால், எதுவரை? அப்போது என்ன நடந்தது?

நியாயமான கேள்விதான். சபாநாதன் அதை அந்தப் பெண்ணிடம் தமிழில் கேட்டார்.

"ஏழு வருஷம் முடிய என்னம்மா நடந்தது?"

கனகாம்பிகை அவருடைய முகத்தைப் பார்த்தார். அங்கே அவரைத் தவிரத் தமிழ் முகங்கள் இரண்டுதான். மற்றது, வானதியுடையது, பின் நாற்காலியில் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். மகளுக்கு ஒரு கலியாணம் பேசி வந்ததாம். தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பொட்டை அழித்து, இறந்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்வித்து, இல்லை என்று சொன்னாராம்.

சபாநாதன் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் சின்னக் கேள்விகள்.

வெளியே வந்ததும் கனகாம்பிகை சபாநாதனுக்குக் கிட்டவந்து, எல்லாம் சரியாகச் சொன்னேனா என்று கேட்டார். அவர் தலையாட்டினார். அந்த அம்மா தன்பாட்டில் சொல்லிக்கொண்டு நடந்தார்.

"அந்தியேட்டி முடிஞ்ச மற்றக் கிழமையும் அவரின்ர படத்தைக் கொண்டுபோய், காணாமல் போனவையைத் தேடுற சனத்தோட ரோட்டில நிண்டனான், ஐயா. இஞ்ச வெளிக்கிட்டு வாற வரைக்கும் நிண்டனான். இப்ப மகள் எனக்காகப் போய் நிக்கிறாள்."

சபாநாதனின் கால் நின்றுவிட்டது.

"இதை ஏன் உள்ளுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

வானதி திரும்பிப் போய் அதிகாரியின் கதவைத் தட்டினாள். விசாரணை முடிந்துவிட்டது, சொல்ல இருப்பதை எழுத்தில் தரட்டும் என்றார் அவர். வழக்கறிஞர் மூலம் எழுதிக் கொடுத்தார்கள். பிந்திச் சேர்த்த கதை என்று அதை ஒதுக்கினார்கள். கணவர் இறந்துவிட்டார் என்பதை விண்ணப்பித்தவரே ஏற்றுக்கொண்டார்; தேடுவதை நிறுத்திய ஒருவருக்குத் தேடியதால் இனி ஆபத்து இல்லை என்று தீர்ப்பு வந்தது.

சபாநாதன் பழியைத் தன்மேல் போட்டுப் பார்த்தார். மொழிபெயர்ப்பில் பிழை விட்டேன் என்று ஒப்பமிட்டுக் கொடுத்தார். மேன்முறையீட்டில் ஒலிப்பதிவை வேறொரு மொழிபெயர்ப்பாளருக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர் வசனம் வசனமாகக் கேட்டுவிட்டு, பிழை ஒன்றும் இல்லை, ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது என்று எழுதினார்.

பனி உருகத் தொடங்கிய காலத்தில் கனகாம்பிகையை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு சபாநாதன் அலுவலகத்துக்கு வரவில்லை. வானதிதான் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் இருந்தார். மருமகள் வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.



"நீர் பின்னால இருந்தனீர். ஏன் மறிக்கேல்லை?" என்று கேட்டார் சபாநாதன்.

"எனக்கும் அப்ப விளங்கேல்லை. வசனம் சரியா இருந்தது."

"சரிதானே? ஒலிப்பதிவைக் கேட்ட ஆளும் சரி எண்டுதானே எழுதினவர்?"

"சரி."

"நான் பொய் சொல்லேல்லை. அவவும் பொய் சொல்லேல்லை."

"இல்லை."

"அப்ப எந்த இடத்தில பிழை விட்டனான், பிள்ளை?"

வானதி ஆறின தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தாள்.

"தேடி முடிஞ்சுது எண்டு அவ சொல்லேல்லை, சேர். உங்கட ஆங்கிலம்தான் சொன்னது. எதுவரை எண்டு அதிகாரி கேட்டது அந்த ஆங்கிலத்தை. முடிஞ்சுது எண்டு அவ சொல்லேல்லை, அது என்ர வசனம் எண்டு பதில் சொல்ல வேண்டினது நீங்கள். நீங்கள் கேள்வியைத் திருப்பி அவவிட்டக் குடுத்தனீங்கள். கேக்கிற எல்லாருக்கும் பதில் சொல்லிப் பழகின மனுசி. உங்களுக்கும் சொன்னா."