செங்கல் நின்ற இடம்

ஒழுங்காக இருந்த ஒன்றை நீங்கள் எப்போதாவது ஒழுங்குபடுத்தியதுண்டா?

விடை சொல்ல அவசரப்பட வேண்டாம். கோதண்டத்தைக் கேட்டிருந்தால் அவரும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

“வாத்தியாரே, இந்த ஜனங்களுக்கு அழகே ஆகாது. நான் கிளம்புறேன்.”

இப்படிச் சொல்லிக்கொண்டுதான் அவர் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைக்குள் நுழைந்தார்.

வாத்தியார் நாகவல்லி தலை நிமிரவில்லை. சலங்கைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாநகரத்தின் நடுவில், ரயில் தண்டவாளத்துக்கும் கால்வாய்க்கும் இடையே நெருக்கிக் கட்டிய அடுக்குக் குடியிருப்பு. பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்கள் வர மாட்டார்கள். கட்டடங்களுக்கு நடுவே ஒரு முற்றம் உண்டு. அந்த முற்றத்தில்தான் தண்ணீர் லாரி வந்து நிற்கும். அதே முற்றத்தில்தான் கலைக்குழு ஆடும்.

ஆடுபவர்களும் பாடுபவர்களும் அங்கேயே குடியிருப்பவர்கள். கூத்துச் சொல்லிக் கொடுப்பவரை வாத்தியார் என்பது வழக்கம். பெண்ணென்றாலும் வாத்தியார்தான்.

கோதண்டம் வாத்தியாரைவிட வயதில் மிக மூத்தவர். சினிமாவுக்கு அட்டையில் அரண்மனைகள் கட்டியவர். படப்பிடிப்பு முடிந்ததும் அவற்றைப் பிரித்து எறிந்துவிடுவார்கள். பிரிக்கப்படாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசையோடு இந்தக் குழுவுக்கு வந்து, நாகவல்லியை வாத்தியாராக ஏற்றுக்கொண்டவர்.

மறுநாள் மாலை நாடகம். ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிய நாடகம். ஆனால் அன்று காலையோடு குழுவின் கதை முடிந்துபோயிருந்தது. முற்றத்தில் இனி ஆட விடமாட்டோம் என்று பெண்கள் கூடிச் சொல்லிவிட்டார்கள். நாடகத்தில் பாட வேண்டிய எஸ்தரே அவர்களுக்கு முன்னால் நின்று சொன்னாள்.

குழுவுக்கு வேறு முற்றம் கிடையாது.

“என்ன செஞ்சீங்க அண்ணா?” என்றார் வாத்தியார்.

“ஒத்திகைக்கு முற்றத்து நடுவுல இடம் வேணும். குடமெல்லாம் கோணல் மாணலா கிடந்துச்சு. எடுத்து ஓரமா அழகா வெச்சேன். அவ்வளவுதான்.”

“அழகான்னா?”

கோதண்டத்தின் முகம் மலர்ந்தது. “முன்னால மஞ்சள். அப்புறம் ஆரஞ்சு, சிவப்பு, பச்சை. பின்னால நீலம். தூரத்துல இருந்து பார்த்தா, சாயங்கால வானம் தரைக்கு இறங்கி வந்த மாதிரி.”

“நீலம் ஏன் கடைசி?”

“நீலம் பின்னால இருந்தாத்தான் ஆழம் தெரியும்.”

வாத்தியார் ஊசியில் நூல் கோத்தார்.

“குடங்களுக்கு நடுவுல ஒரு செங்கல் இருந்திருக்குமே?”

“இருந்துச்சு. கூடவே ஒரு பழைய செருப்பும் ஓட்டை வாளியும். குப்பையில போட்டேன்.”

“அந்தச் செங்கல் சம்ஷாத் அக்கா.”

கோதண்டம் விழித்தார்.

“விடியும்போது அவங்க குடம் காலியா இருக்காது. செங்கலை வெச்சுட்டு வேலைக்குப் போவாங்க. அந்த இடம் அவங்க இடம். யாரும் தொடமாட்டாங்க. செருப்பு, கால் முடியாத தனபாலோடது. மூணாவது மாடியில இருந்து அதைத்தான் கீழே அனுப்புவாரு.”

கோதண்டம் குப்பைத் தொட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“லாரி வந்துச்சா?”

“வந்துச்சு. நான்தான் முன்னால, நீதான் பின்னாலன்னு ஒரே சண்டை. லாரிக்காரர் நிக்கல. முன்னால இருந்த குடத்துல மட்டும் குழாயை விட்டு நிரப்பிட்டுப் போயிட்டாரு.”

“நீலத்துக்குத் தண்ணி கிடைச்சுதா?”

“அதை நான் பார்க்கல.”

வாத்தியார் சலங்கையைக் கீழே வைத்தார். எழுந்து முற்றத்துக்குப் போனார். காலியாகக் கிடந்த நீலக் குடம் ஒன்றை எடுத்து வந்து கோதண்டத்தின் கையில் கொடுத்தார்.

“நிரப்பிக்கிட்டு வாங்க.”

“லாரி போயிடுச்சே வாத்தியாரே. தண்ணிக்கு எங்கே போவேன்?”

“மஞ்சள் கிட்ட கேளுங்க.”

அவர் மீண்டும் தைக்க உட்கார்ந்தார்.

கோதண்டம் முதல் கதவைத் தட்டினார். சரோஜா திறந்தாள். உள்ளே மஞ்சள் குடம் தளும்ப நின்றது.

“ஒரு சொம்பு தண்ணி வேணும்மா.”

“யாருக்கு?”

“நீலக் குடத்துக்கு.”

“நீலக் குடம் குடிக்குமா?”

“இல்லம்மா, அந்தக் குடத்துக்காரங்களுக்கு.”

“அவங்களுக்குப் பேர் கிடையாதா?”

கோதண்டத்துக்குப் பெயர் தெரியவில்லை.

“பேரைக் கேட்டுக்கிட்டு வாங்க,” என்று அவள் கதவைச் சாத்தினாள். சாத்தும்போது உள்ளே யாரிடமோ சொன்னது கேட்டது: “தண்ணிக்கு நாடகம் போடுறவரு தண்ணி கேட்டு வந்திருக்காரு. இதுவும் நாடகம்தான் போல.”

உள்ளே சிரித்தார்கள்.

அவர் திரும்பி நடந்தார். தண்ணீர் கிடைத்தவர்களின் கதவுகளைத் தட்டுவது எளிது என்று எண்ணியிருந்தார். இப்போது கிடைக்காதவர்களின் கதவுகளை முதலில் தட்ட வேண்டியிருந்தது.

சம்ஷாத் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தச் செங்கல்…” என்று தொடங்கினார் கோதண்டம்.

“நான்தாங்க.”

“தெரியாம எறிஞ்சுட்டேன். மன்னிக்கணும்.”

“என்னைத் தூக்கிக் குப்பையில போட்டீங்க. பரவாயில்ல, வேற யாரும் என்னைத் தூக்கினது கிடையாது.” அவள் சிரிக்கவில்லை. “மன்னிப்பை வெச்சு நான் குழம்பு கொதிக்க வைக்க முடியாது. அந்தக் குடம் கற்பகத்தோடது. இன்னொரு நீலம் பிலோமினா. மூடி இல்லாதது எஸ்தர். அவ கிட்ட போறப்போ கொஞ்சம் தள்ளியே நில்லுங்க.”

அவர் மீண்டும் சரோஜாவின் கதவுக்குப் போனார்.

“கற்பகத்துக்கு ஒரு சொம்பு.”

“அவளுக்கா? கைக்குழந்தை வெச்சிருக்கா. ரெண்டாவே ஊத்திக்கோங்க. உங்களுக்குன்னு கேட்டிருந்தா ஒரு சொட்டும் கிடையாது, தெரிஞ்சுக்கோங்க.”

“தெரியுது.”

அடுத்த கதவு. அதற்கடுத்த கதவு. ஒவ்வொரு கதவிலும் அவர் ஒரு பெயரைச் சொன்னார். ஒவ்வொரு கதவிலும் ஒரு சொம்பும் ஒரு வசவும் கிடைத்தன. சில கதவுகளில் வசவு மட்டும் கிடைத்தது. ஆரஞ்சுக் குடத்து வீட்டில், தங்களுக்கே போதாது என்றார்கள். அந்த வீட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

நீலக் குடங்களை ஒவ்வொன்றாக அவர் தோளில் சுமந்தார். படியேறும்போது பாதி முதுகில் வழிந்தது.

“இடுப்புல வைங்க சாமி,” என்று மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஆம்பளை இடுப்புல குடம் உட்கார்ந்தா கட்டடம் ஒண்ணும் இடிஞ்சுடாது.”

இடுப்பில் வைத்தார். குடம் வழுக்கியது. எல்லாக் கட்டடங்களும் சிரித்தன. மறுபடி வைத்தார். இந்த முறை குடம் நின்றது.

கற்பகத்தின் வீட்டில் வைத்தார். பிலோமினாவின் வீட்டில் வைத்தார். சம்ஷாத்தின் அண்டாவில் ஊற்றினார். தனபால் கட்டிலில் இருந்தபடியே, “செருப்பு திரும்பி வருமா?” என்று கேட்டார். குப்பையில் தேடி எடுத்த செருப்பைக் கழுவிக் கட்டிலடியில் வைத்தார் கோதண்டம். தண்ணீரையும் வைத்தார்.

எஸ்தரின் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டார். தூரம் என்பதால் அல்ல.

எஸ்தர் நிலைப்படியின் குறுக்கே கையை ஊன்றி நின்றாள். அவளுக்குப் பின்னால் பாத்திரத்தில் அரிசி, களையாமல் கிடந்தது.

“விடியறதுக்கு முன்னாடி முதல் குடம் என்னோடது,” என்றாள். “முதல் ஆளா வந்தேன். கடைசி ஆளாக்கூடத் தண்ணி பிடிக்கல. ஏன் தெரியுமா? என் குடம் நீலமா இருந்துச்சு.”

“ஆமாம்மா.”

“சிவப்புக் குடம் வாங்கியிருந்தா சோறு வெந்திருக்கும்.”

“ஆமாம்மா.”

“எல்லாத்துக்கும் ஆமாம்மாவா?”

அவர் மூடி இல்லாத நீலக் குடத்தை இறக்கி வைத்தார். அது நிறைய இருந்தது.

எஸ்தர் குனிந்து உள்ளே பார்த்தாள்.

“இது யார் வீட்டுத் தண்ணி?”

“முதல் சொம்பு சரோஜா. அதுக்கு மேல பத்மாவதி. அப்புறம் ரஹீமா பானு. அவங்களுக்கு அடுத்து மாடிப்படி வீட்டுப் பெரியவர் குப்புசாமி, அவர் அரைச் சொம்புதான் கொடுத்தாரு, இருந்ததே அவ்வளவுதான். மேல கடைசியா ஊத்தினது ஜூலியட். ஊத்தும்போது உங்களுக்குன்னு சொன்னதும் சிரிச்சாங்க.”

“அவ ஏன் சிரிச்சா?”

“நீங்க என்னை அடிப்பீங்கன்னு சொன்னாங்க.”

எஸ்தரின் வாயோரம் சற்றே அசைந்தது. கையை நிலைப்படியிலிருந்து எடுத்தாள். குடத்தை உள்ளே இழுத்து, அரிசியில் தண்ணீர் விட்டாள். களைந்தாள். உலையில் போட்டாள். அது வரையில் அவர் வாசலிலேயே நின்றார்.

“இன்னும் என்ன?”

“முற்றம்…” என்றார் கோதண்டம். “நாளைக்கு நாடகம். நீங்க பாடலேன்னா கிடையாது. வாத்தியார் என்னால முற்றத்தை இழக்கக்கூடாது. வேணும்னா நான் குழுவை விட்டுப் போயிடுறேன். அவங்க ஆடட்டும்.”

“நீங்க போனா எனக்கென்ன லாபம்? நாளைக்குத் தண்ணி சுமக்க ஒரு ஆள் குறையும்.” அவள் அடுப்பைத் தூண்டினாள். “நாளைக்கும் லாரி வரும். காலையில வருமோ சாயங்காலம் வருமோ, வந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் குடம் அந்தந்த இடத்துலதான் நிக்கும். ஒரு குடத்தையும் தொடக்கூடாது. குடத்துக்கு நடுவுல ஆடத் தெரிஞ்சா ஆடுங்க. நான் வந்து பாடுறேன். மத்தவங்க கிட்டயும் சொல்லிடுறேன்.”

கோதண்டம் அறைக்குத் திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“எஸ்தர் பாட வர்றாங்க, வாத்தியாரே. முற்றமும் உண்டு.”

“சந்தோஷம்.”

“ஆனா குடத்தை நகர்த்தக் கூடாதாம். குடத்துக்கு நடுவுல ஆடணுமாம்.”

வாத்தியார் தைத்து முடித்த சலங்கையை உதறிப் பார்த்தார். ஓசை நன்றாக இருந்தது.

“ஆடத் தெரியுமா?”

“அரங்கம் கட்டத் தெரியும். குடத்துக்கு நடுவுல எப்படிக் காலை வைக்கிறதுன்னு தெரியாது.” சற்று நின்று, தயங்கிச் சொன்னார்: “நாளைக்குக் காலையில எல்லாரையும் கூட்டி ஒரு யோசனை பண்ணலாமா?”

வெளியே பெண்கள் மறுநாளைக்கான குடங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள். மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம். நீலத்துக்குப் பின்னால் சிவப்பு. கோணல் மாணலாக.

வாத்தியார் சலங்கையை அவரிடம் நீட்டினார்.

“காலை வரைக்கும் ஏன்? இன்னும் வெளிச்சம் இருக்கு. கட்டிக்கிட்டு இறங்குங்க அண்ணா. இன்னைக்கே. இப்பவே.”