கல்லில் எத்தனை விரல்

வாகைக்குடி ஏரிக்குச் சேவுகன்தான் நீர்க்கட்டி. மேல்மடை, கீழ்மடை இரண்டையும் திறப்பதும் அடைப்பதும் அவர் கையில். அறுபத்தாறு வயதில் ஞானத்தில் ஆசை வந்து, ஏரிக்கரைச் சமாதி மடத்து இருளாயி அம்மாவிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மாவுக்கு வயது முப்பத்திரண்டு. ஊர் சிரித்தது. ஊருக்கு வேறு என்ன வேலை?

அது மழை பொய்த்த வருடம். ஏரியில் கிடந்த தண்ணீரை நம்பி எல்லோரும் நட்டிருந்தார்கள். “நடலாம்” என்று சொன்னவர் சேவுகன்.

ஒருநாள் காலையில் மடத்துக்கு வந்து கேட்டார்.

“அம்மா, தண்ணி அறுப்பு வரைக்கும் தாங்குமா?”

“எவ்வளவு இருக்கு?”

“மடைவாய்க்கு மேல எழுபத்தஞ்சு விரல்.”

“நேத்து?”

சேவுகன் நேற்று அளக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் அவர் ஏரியில் நட்ட அளவுக்கல்லைப் பார்த்துவிட்டுச் சாவடியில் நின்று, இத்தனை விரல் இருக்கிறது என்று கூவுவார். இருப்பதைத்தான் கூவுவார். குறைந்ததைச் சொல்ல மாட்டார். அரிசிப் பானை காலியானால் ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொல்கிற ஊர் அது. குறைந்ததை வாயால் சொன்னால் இன்னும் குறையும் என்று அவருக்கு முன்னிருந்த நீர்க்கட்டிகள் பயந்தார்கள். இவரும் பயந்தார்.

“தெரியாதும்மா.”

“அஞ்சு நாள் விடியவும் அளந்துட்டு வாங்க, பெரியவரே.”

ஐந்து நாள் கழித்து வந்தார். அம்மா மடத்து முற்றத்து மணலில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.

“இது மடைவாய். இதுக்குக் கீழ இருக்கிற தண்ணி யாருக்கு?”

“மீனுக்கு. வயலுக்கு ஏறாது.”

“முதல் நாள் தண்ணியை இது மேல நிறுத்துங்க.”

சேவுகன் எழுபத்தைந்து விரல் அளந்து மேல்நோக்கி ஒரு கோடு கீறினார். ஒரு சாண் தள்ளி மறுநாளுக்கு எழுபத்திரண்டு. அப்புறம் அறுபத்தொன்பது, அறுபத்தாறு, அறுபத்து மூன்று. கடைசியில் அன்றைக்கு அளந்த அறுபது.

கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியை அம்மா முதல் கோட்டின் தலையில் பிடித்துக்கொண்டாள். மறு நுனியை அவரிடம் கொடுத்தாள்.

“இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நடங்க. எல்லாத் தலையும் கயித்துல படணும்.”

பட்டது. ஒன்றுகூட விலகவில்லை. தினமும் மூன்றே விரல். சேவுகன் சாண் எண்ணிக்கொண்டே நடந்து, ஓரிடத்தில் நின்றார்.

“ஏன் நின்னுட்டீங்க?”

“இங்க மடைவாயைத் தொட்டுருச்சும்மா. இன்னையிலேருந்து இருபதாம் நாள்.”

“அறுப்பு?”

“முப்பதாம் நாள்.”

 குழந்தை கேட்பதைப்போலக் கேட்டார்.

“சித்த தூக்கிப் பிடிச்சா என்னம்மா?”

“பிடிங்க.”

பிடித்தார். முப்பதாம் நாள்வரை கயிறு போனது. ஆனால் முதல் கோட்டைத் தவிர மற்ற எந்தத் தலையிலும் படவில்லை. அவரே தாழ்த்திவிட்டார்.

“மூணு விரல் எங்கெங்க போகுது?” என்றாள் அம்மா.

“மேல்மடைக்கு ஒண்ணு, கீழ்மடைக்கு ஒண்ணு. வெயிலும் மண்ணும் குடிக்கிறது ஒண்ணு.”

“ஒரு மடையை அடைச்சா?”

“ரெண்டு விரல்.” மனசுக்குள் கணக்குப் போட்டார். “முப்பது நாள் நிக்கும்.” கயிற்றைக் கீழே போட்டார். “எந்த மடையைம்மா? கீழ்மடையில என் மக ராக்கு வயல் இருக்கு. ஆடு எல்லாத்தையும் வித்து நட்டிருக்கா. மேல்மடையில என் பேச்சை நம்பி நட்டவங்க.”

“நான் நீர்க்கட்டி இல்லையே, பெரியவரே.”

சேவுகன் போய்விட்டார்.

எந்த மடையையும் அடைக்கவில்லை. தெற்கே மேகம் இருட்டினால் மழை என்று நினைத்தார். அடுத்த செவ்வாய் சாவடியில் நின்று, இருந்ததைக் கூவினார். அதற்கடுத்த செவ்வாயும் கூவினார். “கல்லு பேசுது, நீர்க்கட்டி இருக்கான், நமக்கென்ன” என்று ஊர் களை எடுக்கப் போனது. ராக்கு அப்பாவுக்குக் கம்பங்கூழ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வயலில் இறங்கினாள். அவர் கூழைக் குடிக்காமல் வைத்திருந்து, மாலையில் ஏரியில் கொட்டினார். ஒரு மனிதனால் வேறென்ன செய்ய முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

பதினைந்து நாள் ஓடியது. மேகம் கலைந்தது. ஏரி மட்டும் தினம் மூன்று விரல் என்பதில் தவறவில்லை.

பதினைந்தாம் நாள் விடியற்காலை அவர் மடத்துக்கு வந்தார். அம்மாவைக் கூப்பிடவில்லை. தானே மணலில் கோடு இழுத்தார். அதன்மேல் பதினைந்து விரல் நிறுத்தினார். பதினைந்து சாண் தள்ளி, அறுவடை நாளில் ஒரு குச்சியை நட்டார். கயிற்றை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். அம்மா வெளியே வந்தபோது மணலில் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு மடையை அடைச்சாலும் பத்தலைம்மா.”

“ரெண்டையும் அடைச்சா?”

“வெயிலுக்கும் மண்ணுக்கும்தான் சரியா இருக்கும். பதினஞ்சு நாள், பதினஞ்சு விரல்.” தலையில் அடித்துக்கொண்டார். “பாதி ஊரைக் காப்பாத்தியிருக்கலாம். மக வயலைக் காப்பாத்திட்டான்னு ஏசுவாங்கன்னு ஒரு பயம். அவ வயலைக் காயப்போடணுமேன்னு ஒரு பயம். ரெண்டுக்கும் நடுவுல நின்னு எல்லாத்தையும் கொன்னுட்டேன்.”

அம்மா மறுக்கவில்லை. கயிற்றைச் சுருட்டினாள்.

“ஊருக்குச் சொன்னீங்களா?”

“இல்ல.”

“ராக்குக்கு?”

“கூழ் கொண்டாந்தா. வாங்கிக்கிட்டேன்.”

“சொல்லுங்க.”

“சொல்லி என்ன ஆகப்போகுதும்மா? போன பயிர் போனதுதானே?”

அம்மா சுருட்டிய கயிற்றை அவர் மடியில் வைத்தாள்.

“இன்னைக்குச் சொன்னா, தண்ணி நிக்கிற அஞ்சு நாளும் பயிர் பச்சையா இருக்கும். மாட்டுக்காவது அறுத்துக்குவாங்க. நாளைக்குச் சொன்னா நாலு நாள்.”