பெட்டியில் இல்லாத சார்ஜர்

"வீட்டை வித்துட்டு, கதவைத் தனியா வாங்கிக்கோன்னா எப்படி?" கடையில் ஒரு அம்மாள் முணுமுணுத்தது, வாடிக்கையாளர் கருத்துக் கேட்கப் போயிருந்த சுகன்யாவின் காதில் விழுந்தது. அவள் கம்பெனியின் புதுப் போனோடு சார்ஜர் வராது. தனியாக வாங்க வேண்டும்.

மேலாளர் குலசேகர் கறாராகச் சொன்னார்: "யாருக்கும் குறையில்லைன்னு முதலாளிகிட்ட அறிக்கை கொடு. இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

முதலாளியும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் சுகன்யா புதுப் போனைப் பெட்டியோடு குலசேகரிடம் நீட்டினாள். "அறிக்கை இந்தப் போன்லதான் இருக்கு சார். நீங்களே படிங்க."

போனில் துளி சார்ஜ் இல்லை. குலசேகர் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். "சார்ஜர் எங்கேம்மா?"

"இதையே முதல் குறையா எழுதிக்கட்டுமா சார்?" என்றாள் சுகன்யா.

முதலாளி தன் பையிலிருந்த சார்ஜரை எடுத்து, அந்தப் பெட்டிக்குள் வைத்தார்.