அத்தி தன் பூவை மறைத்த கதை

மரமும் பூச்சியும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அத்தியும் மற்ற மரங்களைப் போல வெளியே தெரியும்படிதான் பூத்தது. மலையடிவாரத்து ஓடைக்கரையில் ஒரே ஒரு அத்தி நின்றது. அதன் பூ பொடிப்பொடியாக இருந்தாலும் தேன் அதிகம். தேனீக்கள் வரும், குடிக்கும், போய்விடும். பிறகு மந்திகள் வந்து பூங்கொத்துகளை உருவித் தின்றுவிடும். ஒரு வருஷம்கூட அது காய்த்ததில்லை. தன் இனத்தில் வேறு மரம் உண்டா என்பதும் அதற்குத் தெரியாது. போகிற வருகிற பறவைகளிடம் கேட்டுப் பார்த்தது. பழம் இல்லாத மரத்தில் எந்தப் பறவையும் நின்று பதில் சொல்லவில்லை.

ஒரு பங்குனி மாதத்துப் பகலில், காற்றில் அடித்துக்கொண்டு வந்த குளவி ஒன்று அதன் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டது. எள்ளைவிடச் சின்னது. வயிறு நிறைய முட்டை. முன்பு ஒரு இலையில் இட்ட முட்டைகளை எறும்புகள் தூக்கிப்போய்விட்டன என்றும், இனி இடம் தேட உடம்பில் தெம்பில்லை என்றும் அது சொன்னது.

அத்தி அதன் மேல் அப்பியிருந்த மஞ்சள் தூளைப் பார்த்தது. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டது.

"மலைக்கு அந்தப் பக்கமிருந்து. அங்கேயும் உன்னைப் போல ஒரு மரம் தனியாகத்தான் நிற்கிறது. இது அதன் பூந்தூள்."

அத்தி அந்தத் தூளை மறுபடி ஒருமுறை பார்த்தது. பிறகு, தன்னிடம் மிஞ்சியிருப்பது அடிமரத்தில் உள்ள ஒரே ஒரு கொத்துதான், அதையும் மந்திகள் விடப்போவதில்லை என்றது. அந்தக் கொத்தைச் சுற்றிக் காம்பின் நுனியைக் குடம்போல விரித்து மூடிக்கொள்ள முடியுமா என்று குளவி கேட்டது.

"மூட முடியும். ஆனால் மூடினால் எனக்குத் திறக்கத் தெரியாது. நுழைய ஊசிக்கண் அளவு வழி விடலாம். உன் இறக்கை அதில் பிய்ந்துபோகும். நீ திரும்பி வர முடியாது."

"பிள்ளைகள் வருவார்கள் இல்லையா?" என்றது குளவி.

அத்தி மூடிக்கொண்டது. குளவி தலையைக் கொடுத்து நெருக்கி நுழைந்தது. இறக்கைகள் இரண்டும் வாசலிலேயே உதிர்ந்தன. உள்ளே இருட்டு. அது தடவித் தடவி நடந்து, சில பூக்களில் முட்டையிட்டது, மற்றவற்றில் பூந்தூளை உதறியது. கொஞ்ச நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மலைக்கு அப்பாலுள்ள மரத்துக்கு எத்தனை கிளை என்று அத்தி கேட்டது. குளவி எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தது. நடுவில் அதன் குரல் நின்றுவிட்டது. அத்தி மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தது.

சில வாரங்களில் முட்டைகள் பொரிந்தன. ஆண் பிள்ளைகளுக்கு இறக்கையே இல்லை. அவை சுவரைக் குடைந்து வழி உண்டாக்கிவிட்டுச் செத்துப்போயின. அந்த வழியாகப் பெண் பிள்ளைகள் பூந்தூளோடு வெளியே வந்தன. அம்மா எங்கே என்று கேட்டன.

"நீங்கள் இருந்த வீட்டில்தான் இருந்தாள்," என்றது அத்தி.

அவற்றுக்கும் வயிற்றில் முட்டை இருந்தது. காத்திருக்க நேரமில்லை. மலையைத் தாண்டிப் பறந்தன.

அடுத்த பருவம் அத்தி எல்லாக் கொத்துகளையும் மூடியே பூத்தது; அந்தப் பிள்ளைகள் வழி வந்த குளவிகள் மலைக்கு அப்பாலிருந்து வந்து நுழைய, மரம் முதல்முறையாக நிறையப் பழுத்தது. இருவாச்சிப் பறவை வந்தது, வௌவால் வந்தது, மந்திகள் வந்தன, ஓடையில் விழுந்ததை மீன்கள் தின்றன. விதைகள் காடெங்கும் போய் முளைத்தன. பழம் தீர்ந்ததும் எல்லாம் கலைந்து போயின. அந்தக் குளவியைப் பற்றி அத்தியிடம் யாரும் கேட்கவில்லை.

அன்று முதல்தான் அத்தி பூப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அந்தப் பூவைத் தேடி உள்ளே போகும் குளவியும் திரும்பி வருவதில்லை.